வைரஸ் லேபில் இன்டர்ன்ஷிப்: முதல் நாளிலிருந்து முதல் பிளேக் வரை

வைரஸ் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் வீட்டில் ஒருவராவது பயப்படுவார். நண்பர்களில் ஒருவர் அந்த ஊதிப் புடைத்த பலூன் மாதிரி உடையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வார். அந்த உடை எபோலா மாதிரியான வைரஸ்களைக் கையாளும் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகங்களுக்கானது, அந்தக் கதவுப் பக்கம்கூட உங்களை விடமாட்டார்கள். மாணவர்கள் வேலை பார்ப்பது பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் நிலை ஆய்வகங்களில்தான். முதல் மாதம் உங்கள் கையில் இருக்கப்போவது பிப்பெட் (திரவத்தைச் சின்னச் சின்ன அளவில் அளந்து எடுக்கும் கருவி), மார்க்கர் பேனா, அப்புறம் அதன் நுனியில் மாட்டும் டிப்களை அடுக்கி நிரப்ப வேண்டிய காலிப் பெட்டிகள்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத இன்னொரு விஷயம், நீங்கள் வைரஸைப் பார்க்கவே போவதில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், போலியோ வைரஸ் சுமார் 30. எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிற இடத்தில்கூட தினமும் யாரும் அதில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. செல் செத்ததா, நிறம் மாறியதா, வரைபடத்தில் கோடு ஏறியதா என்று சுற்றிவளைத்துத்தான் எல்லாமே தெரியவரும். ஆகவே கை சரியாக இருக்க வேண்டும், குறிப்பு சரியாக இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்ட்ரோல் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் பார்க்கும் வேலை இருட்டில் துழாவுவதுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். தலைப்பில் உள்ள பிளேக் கொள்ளைநோய் இல்லை, வைரஸ் செல்களைக் கொன்று உண்டாக்கும் ஓட்டை.

சேருவதற்கு முன்

அந்த லேப் கடைசியாக வெளியிட்ட இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்காமல், எல்லாரும் தாண்டிப்போகும் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். என்ன வைரஸ், எந்தச் செல்லில் வளர்க்கிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பாதி புரியாது, பரவாயில்லை. வைரஸைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகத் தெரிந்துகொண்டு போங்கள்: அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏவா டிஎன்ஏவா, வெளியே கொழுப்பு உறை இருக்கிறதா இல்லையா. இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பது கிருமிநாசினி பற்றிச் சொல்லும்போது புரியும்.

மனித ரத்தம், சளி மாதிரிகள் வரும் லேப் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் கைடிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், இதில் கூச்சத்துக்கு இடமில்லை. மூடிய ஷூ, முழுக்கால் உடை, கட்டிய முடி, வெட்டிய நகம். அவ்வளவுதான் உடை விஷயம்.

நீங்கள் சேரும் லேப் பாக்டீரியோஃபேஜில், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸில் வேலை செய்கிறது என்றால் ஏமாந்துபோக வேண்டாம். என்னைக் கேட்டால் தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மனிதரைத் தொற்றாது, ஓரிரவில் முடிவு தெரியும், தப்பாகப் போனால் மறுநாளே திரும்பச் செய்யலாம். பரம்பரைத் தகவலைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று 1952இல் ஹெர்ஷியும் சேஸும் காட்டியது ஃபேஜை வைத்துத்தான், அதுவும் சமையலறை பிளெண்டரில் சுழற்றி.

முதல் வாரம்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

கண் கழுவும் குழாய், அவசர ஷவர், சிந்தினால் துடைக்கும் கிட், தீயணைப்பான், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவி), யாருக்கு முதலில் போன் செய்வது என்ற பட்டியல். இவை எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே போய்த் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கண்ணில் ஏதோ தெறித்த பிறகு குழாயைத் தேட முடியாது. கழிவுப் பைகளின் நிற விதி இடத்துக்கு இடம் மாறும், சுவரில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு அலுப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் 1978ஐ நினைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலிருந்து பெரியம்மை ஒழிந்தேவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த வருடம் அது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு மருத்துவப் பள்ளியில், பெரியம்மை லேபுக்கு மேல்மாடியில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்த நோய் வந்து இறந்துபோனார். உலகில் பெரியம்மையால் இறந்த கடைசி நபர் அவர்தான். அவர் அந்த லேபில் வேலையே பார்த்ததில்லை. நீங்கள் அலட்சியமாக விட்ட ஒன்று உங்களைத்தான் தேடி வரும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

சீனியர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அச்சடித்த புரோட்டோகாலை, அதாவது செய்முறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அதில் இல்லாமல் செய்வதையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டியூபை இரண்டு தட்டு தட்டுவார், பாட்டிலைத் திறக்குமுன் மூடியைத் துடைப்பார், மீடியாவை (செல்லுக்கான சத்துத் திரவத்தை) செல் மேல் நேராக ஊற்றாமல் பக்கச் சுவரில் வழியவிடுவார். எந்தப் புரோட்டோகாலிலும் எழுதியிருக்காத இந்தச் சங்கதிகள்தான் சோதனையை ஓடவைக்கின்றன. ஏன் என்று கேளுங்கள், ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். சோதனைத் தட்டின் 24 குழிகளில் வரிசையாக ஊற்றிக்கொண்டிருப்பவரிடம் 17ஆம் குழியில் பேச்சுக் கொடுத்தால் அன்று மதியம் வரை முகம் கொடுக்க மாட்டார்.

பிப்பெட் பழகுவது

இதை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. பொத்தானை அமுக்குவதில் என்ன கஷ்டம்? அமுக்கினால் முதலில் ஒரு இடத்தில் தடுக்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது இடத்தில் தடுக்கும். முதல் தடுப்பு வரை அமுக்கிக்கொண்டு டிப்பைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் முக்கி மெதுவாக விடுங்கள். ஊற்றும்போது முதல் தடுப்பைத் தாண்டி இரண்டாவது வரை போங்கள். புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் எடுக்கும்போதே இரண்டாவது தடுப்பு வரை அமுக்கிவிடுகிறார்கள், அளவு கூடிவிடுகிறது. பொத்தானைச் சட்டென்று விட்டால் திரவம் பிப்பெட்டின் உடம்புக்குள்ளேயே ஏறும். டிப்பில் திரவம் இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்க வைத்தாலும் அதே கதிதான்.

பழக ஒரு நல்ல வழி, தராசும் தண்ணீரும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் இருக்க வேண்டும். பத்து முறை எடுத்துப் பத்து எடையையும் எழுதுங்கள். எல்லாம் 0.099க்கும் 0.101க்கும் நடுவே விழுகிற வரை தினமும் கால் மணி நேரம் செய்யுங்கள். எடை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் கை முறையிலோ பிப்பெட்டிலோ கோளாறு, அங்கும் இங்கும் சிதறினால் அவசரம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. வைரஸைப் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று படிப்படியாக நீர்த்துக்கொண்டே போவதுதான் இந்த லேபில் தினசரி வேலை. 900 மைக்ரோலிட்டரில் 100 விடுவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் 105 விட்டீர்கள் என்று வையுங்கள், ஆறு படி முடியும்போது கணக்கு சுமார் 30 சதவீதம் தப்பாகியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாற்ற மறந்தால் இன்னும் மோசம். முந்தின டியூபின் கெட்டியான வைரஸ் டிப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்ததற்குள் வந்துவிடும். இதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் எல்லா டியூபும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும்.

ஹூட்டுக்குள் உட்காரும் முறை

லேபில் ஹூட் என்று இரண்டு வேறு பெட்டிகளைச் சொல்வார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள். சில லேமினார் ஃப்ளோ பெட்டிகள் சுத்தமான காற்றை உங்கள் முகத்தைப் பார்த்து ஊதும். அது மாதிரியைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. வைரஸ் வேலைக்கு அதைத் தொடவே கூடாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினெட். அது முன்பக்கத்துக் காற்றைக் கிரில் வழியாகக் கீழே இழுத்துக்கொள்ளும், உள்ளே ஹெப்பா ஃபில்டரில் வடிகட்டிய காற்றை மேலிருந்து இறக்கும். இந்தக் காற்றுத் திரைதான் உங்களுக்கும் வைரஸுக்கும் நடுவே இருக்கிற ஒரே சுவர்.

சுவர் காற்றாலானது என்பதால் உடைப்பதும் சுலபம். கிரில் மேல் நோட்டையோ கையையோ வைத்தால் உடையும், கையைச் சட்டென்று உள்ளே வெளியே வீசினால் உடையும், பின்னால் ஒருவர் வேகமாக நடந்துபோனாலும் கலையும். விசிறியைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வேண்டியதையெல்லாம் முதலிலேயே உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, கையை நேராக மெதுவாக நுழைத்து ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஆரம்பியுங்கள். சுத்தமான பொருள் ஒரு பக்கம், நடுவில் வேலை, கழிவு மறுபக்கம். வேலை எப்போதும் சுத்தத்திலிருந்து அழுக்கை நோக்கித்தான் நகர வேண்டும். திறந்த பாட்டிலுக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே பர்னர் எரிக்காதீர்கள், சூடு காற்றோட்டத்தைக் கலைக்கும். இரவில் எரியும் நீல யூவி விளக்கை நம்பி மேடையைத் துடைக்காமல் விடாதீர்கள், நிழல் விழுந்த இடத்தில் அது ஒன்றும் செய்யாது.

துடைக்க 70 சதவீத எத்தனால். நூறு சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. இல்லை. புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், தூய எத்தனால் அதற்குள் ஆவியாகிவிடும். ஆனால் எத்தனால் நன்றாகக் கொல்வது கொழுப்பு உறை உள்ள வைரஸ்களை. போலியோ, நோரோ மாதிரி உறை இல்லாதவை அதற்கு லேசில் மசியாது, அங்கே பிளீச் வேண்டும். முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: உங்கள் வைரஸுக்கு உறை இல்லை என்றால், ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசுவாசமாக இருக்க முடியாது.

செல்தான் முதல், வைரஸ் அப்புறம்

வைரஸ் தனியாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் வைரஸ் லேபில் பாதி நேரம் நடப்பது செல்லுக்குச் சோறு போடும் வேலை. அதிகம் கேட்கப்போகும் பெயர் வீரோ செல். 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானை இதனால் சுரக்க முடியாது, அதனால் பல வைரஸ்களுக்கு இது திறந்த வீடு. இன்ஃப்ளூயன்சா லேப் என்றால் நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்டிசிகே செல்லைப் பார்ப்பீர்கள்.

ஃபிளாஸ்க் நிரம்பியதும் செல்லைப் பிரித்துப் புது ஃபிளாஸ்கில் போடுவதைப் பாசேஜ் என்பார்கள். பழைய மீடியாவை உறிஞ்சி எடுங்கள், பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் செல்லைப் பெயர்க்கும் டிரிப்சின் என்சைம் கொஞ்சம் விட்டு 37 டிகிரியில் சில நிமிடம் வையுங்கள். நுண்ணோக்கியில் செல்கள் உருண்டு மிதக்க ஆரம்பித்ததும் சீரம் உள்ள மீடியாவை ஊற்றி நிறுத்துங்கள். கழுவும் படியைத் தாண்டினால் மிச்சமிருக்கும் சீரம் டிரிப்சினை அடக்கிவிடும், அரை மணி நேரம் ஃபிளாஸ்கைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். டிரிப்சினை விட்டுவிட்டு போனைப் பார்க்கப் போனால் செல்கள் கட்டிகட்டியாகத் திரண்டு, பாதி செத்திருக்கும். எண்ணுவதற்கு டிரிபான் புளூ சாயம் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரில் பாருங்கள், நீலமாகத் தெரிவது செத்தது. ஒரு பெரிய சதுரத்தின் சராசரியை 10,000 ஆலும் நீர்த்த அளவாலும் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்று வந்துவிடும்.

தினமும் காலையில் லேபுக்குள் நுழைந்ததும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் செல்லைப் போய்ப் பாருங்கள். ஆரோக்கியமான செல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தான் நோயுற்ற செல்லை அடையாளம் தெரியும். மீடியாவில் இருக்கும் ஃபீனால் ரெட் நிறத்தால் பேசும்: மஞ்சளானால் அமிலமாகிவிட்டது, செல் நெரிசல் அல்லது பாக்டீரியா. ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் காரமாகிவிட்டது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. கலங்கியிருந்தால் கண்டாமினேஷன், அதாவது வேறு கிருமி புகுந்துவிட்டது, காப்பாற்றப் பார்க்காதீர்கள், பிளீச் ஊற்றித் தூக்கிப் போடுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியா புகுந்தால் மட்டும் மீடியா கலங்கவும் செய்யாது, நிறமும் மாறாது, செல்சுவர் இல்லாததால் அந்த பாக்டீரியா பென்சிலினுக்கும் அசையாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள்.

இங்கே என் கதை ஒன்று. என் முதல் தொற்றுச் சோதனையை ஒரு வெள்ளிக்கிழமை வைத்துவிட்டுப் போனேன். திங்கள் காலை பார்த்தால் செல்களெல்லாம் உருண்டு, பாதி பெயர்ந்து மிதக்கின்றன. புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் "வைரஸ் வளர்ந்துவிட்டது அக்கா" என்று சீனியரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாக் எங்கே?" என்றார். வைரஸ் இடாமல், மற்றதெல்லாம் அப்படியே செய்து வைக்கும் குழிக்குத்தான் அந்தப் பெயர். நான் வைக்கவில்லை, இடம் போதாது என்று எல்லாக் குழியிலும் வைரஸ் போட்டிருந்தேன். அவர் எழுந்து வந்து இன்குபேட்டரைத் திறந்து, வைரஸே படாத வேறு யாருடையதோ ஃபிளாஸ்கை எடுத்துக் காட்டினார். அதிலும் செல்கள் உருண்டிருந்தன, மீடியா அடர் இளஞ்சிவப்பு. சனிக்கிழமையே இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்திருக்கிறது. என் வைரஸ் வளர்ந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் பிளேக் சோதனை

வைரஸை எண்ணும் வழிகளில் நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வது இதைத்தான். விலங்கு வைரஸ்களுக்கு இதை 1952இல் கொண்டுவந்தவர் ரெனாட்டோ டல்பெக்கோ, இத்தனை கருவிகள் வந்தபிறகும் இதைத் தூக்கியெறிய யாருக்கும் மனசு வரவில்லை. யோசனை எளிமையானது. தட்டின் அடியில் செல்கள் தரைவிரிப்பு மாதிரி பரவியிருக்கும், அதன் மேல் நீர்த்த வைரஸை விட்டு, மேலே கூழ் மாதிரி ஒரு மூடி போட்டுவிடுகிறோம். ஒரு வைரஸ் ஒரு செல்லுக்குள் போய்ப் பெருகி வெளியே வந்தாலும் கூழைத் தாண்டித் தூரம் போக முடியாது, பக்கத்துச் செல்லைத்தான் பிடிக்கும். அப்படியே வட்டமாகச் செத்துக்கொண்டே போய், சில நாளில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை விழும். அந்த ஓட்டைதான் பிளேக். ஓர் ஓட்டைக்கு ஒரு வைரஸ் என்று எண்ணலாம். வைரஸை நேரில் பார்ப்பதற்கு நெருக்கமாக நீங்கள் போகப்போவது இவ்வளவுதான்.

முந்தின நாள் சிக்ஸ்-வெல் பிளேட்டில், அதாவது ஆறு குழித் தட்டில் செல் போடுங்கள். மறுநாள் இடைவெளி இல்லாமல் நிரம்பியிருக்க வேண்டும், ஓட்டையோடு ஆரம்பித்தால் கடைசியில் எந்த ஓட்டை யாருடையது என்று தெரியாது. வைரஸைச் சீரம் இல்லாத மீடியாவில் பத்துப் பத்தாக நீர்த்துக்கொள்ளுங்கள், டியூப்கள் ஐஸில் இருக்கட்டும். தட்டின் மேல் முதலிலேயே எந்தக் குழிக்கு எந்த அளவு என்று எழுதிவிடுங்கள், மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும் நாள் ஒன்று வரும். ஒரு குழி மாக். மீடியாவை உறிஞ்சி, அதிகம் நீர்த்ததில் தொடங்கிக் கெட்டியானதை நோக்கி, ஒவ்வொரு குழிக்கும் 200 மைக்ரோலிட்டர் வீதம் விடுங்கள். ஆறு குழியையும் ஒரே நேரத்தில் காலி செய்துவிட்டு அப்புறம் டியூபைத் தேடாதீர்கள், செல் காய்ந்துவிடும்.

ஒரு மணி நேரம் இன்குபேட்டரில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை முன்னும் பின்னும் சாய்த்து. வட்டமாகச் சுழற்றினால் வைரஸ் ஓரத்தில் போய்ச் சேரும். இந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள், குழியின் நடுப்பகுதி காய்ந்து வெறும் வட்டமாக இருப்பதைப் பிறகு பிளேக் என்று எண்ணுவார்கள்.

அடுத்தது கூழ். அகரோஸ் என்றால் சுமார் 40 டிகிரிக்கு ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் செல் வெந்துவிடும், ஆறிப்போனதை ஊற்றினால் கட்டிகட்டியாக விழும். முதல் தடவை எனக்கு இரண்டுமே நடந்தது, ஒரே தட்டில். சில லேபில் ஊற்றிக்கொள்ளும் பதத்திலேயே இருக்கும் செல்லுலோஸ் கலவையைப் பயன்படுத்துகிறார்கள், இந்தத் தொல்லை கிடையாது. வைரஸைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து நாள்வரை ஆகலாம், நடுவில் தட்டை எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். பிறகு ஃபார்மலின் போட்டு நிலைப்படுத்தி, கூழை எடுத்துவிட்டு, கிரிஸ்டல் வயலெட்டில் சாயமேற்றித் தண்ணீரில் கழுவினால் உயிரோடு இருந்த செல் ஊதாவாகவும் பிளேக் வெள்ளையாகவும் தெரியும். ஃபார்மலினை அதற்கென்று இருக்கும் கேபினெட்டில்தான் கையாள வேண்டும்.

கணக்கு: லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த குழியில் 42 பிளேக் என்று வையுங்கள். விட்டது 0.2 மில்லிலிட்டர். 42ஐ 0.2 ஆல் வகுத்தால் 210, அதை லட்சத்தால் பெருக்கினால் 2 கோடியே 10 லட்சம். மூல டியூபின் ஒரு மில்லிலிட்டரில் அத்தனை தொற்றும் வைரஸ். அடுத்த குழி பத்து மடங்கு நீர்த்தது, அங்கே நான்கைந்து இருக்க வேண்டும். அங்கேயும் 40 இருந்தால் கையில் கோளாறு. ஒன்றோடு ஒன்று சேர்ந்து போன பிளேக்குகளை மனதுக்குப் பிடித்த மாதிரி பிரித்து எண்ணாதீர்கள், அந்தக் குழியை விட்டுவிடுங்கள்.

பிசிஆர், சுருக்கமாக

மாதிரியில் இருக்கும் வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பிரதியெடுத்துப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறைதான் பிசிஆர். ஆர்என்ஏ வைரஸ் என்றால் உங்கள் விரல் நுனிதான் எதிரி. தோலில் இருக்கும் ஆர்என்ஏஸ் என்சைம் மாதிரியைத் தின்றுவிடும், கையுறையோடு முகத்தைத் தொட்டால் கையுறையை மாற்றுங்கள். கலவை தயாரிக்கும் இடத்திலிருந்து பெருக்கிய டியூபைத் திறக்கும் இடத்துக்குப் போகலாம், அன்றைக்குத் திரும்பி வரக் கூடாது. சிடி மதிப்பு, அதாவது எத்தனையாவது சுற்றில் கோடு ஏறத் தொடங்குகிறது என்ற எண், சுமார் 3.3 குறைந்தால் மாதிரியில் பத்து மடங்கு அதிகம் என்று பொருள், அதனால் 25க்கும் 35க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். மாதிரிக்குப் பதில் தண்ணீர் விட்ட குழியில் கோடு ஏறினால் அந்த ஓட்டம் மொத்தமும் குப்பை. பிசிஆர் காட்டுவது மரபுப்பொருள் இருக்கிறது என்பதை மட்டும்தான், அந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா என்பதற்குப் பிளேக் பக்கம்தான் திரும்ப வேண்டும். கருவி எண்ணைத் திரையில் காட்டுகிறது என்பதற்காக அது உங்கள் கையைவிட நேர்மையானது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிந்தினால், குத்தினால்

திரவக் கழிவுக்குப் பிளீச். நீர்த்த பிளீச் வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குறையும், அதனால் அன்றன்றைக்குத் தயாரியுங்கள். பத்தில் ஒரு பங்கு பிளீச்தான் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஊற்றிய உடனே சிங்கில் விடாமல் லேப் சொல்லும் நேரம் வரை ஊறவிடுங்கள். பிளீச் கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது, நச்சு வாயு வரும். திடக் கழிவு 121 டிகிரி ஆட்டோகிளேவுக்கு. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள்.

ஹூட்டுக்குள் சிந்தினால் விசிறியை அணைக்காதீர்கள். காகிதத் துண்டால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பிளீச் ஊற்றி, லேபில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருந்து எடுங்கள். வெளியே தரையில் சிந்தினால் துடைக்கக் குனிய வேண்டாம், மூச்சை அடக்கி எல்லாரையும் வெளியேற்றி, கதவை மூடி, ஆளைக் கூப்பிடுங்கள். தெறித்த துளிகள் காற்றிலிருந்து இறங்கக் குறைந்தது அரை மணி நேரம் விடுவார்கள். கையில் குத்திக்கொண்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த நிமிடமே சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். திட்டு அன்றைக்கே முடிந்துபோகும். சில தொற்றுகளுக்கு உடனே ஆரம்பித்தால்தான் வேலை செய்யும் மருந்து இருக்கிறது, மாலை வரை யோசித்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நோட்டு, லேபிள், மனிதர்கள்

நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தேதி, செல்லின் பாசேஜ் எண், மீடியாவின் தொகுதி எண், டைமர் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. "வழக்கம்போலச் செய்தேன்" என்று எழுதியிருந்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. வேலை நடக்கும்போதே எழுதுங்கள், மாலையில் நினைவிலிருந்து எழுதுவது கதை.

மைனஸ் 80 ஃபிரீசரில் சாதாரண ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும், எத்தனால் பட்டால் சாதாரண மார்க்கர் அழிந்துவிடும். இரண்டுக்கும் தாங்குவதை வாங்கி வைத்திருப்பார்கள், எங்கே என்று கேளுங்கள். வைரஸைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வையுங்கள். உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செத்துப்போகும், நீங்கள் போன வாரம் எண்ணிய எண் இந்த வாரம் பொய்யாகியிருக்கும்.

கடைசி டிப் பெட்டியை எடுத்தவர்தான் அடுத்ததை நிரப்பி ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும், இது எழுதாத சட்டம். கருவிக்கு முன்பதிவுத் தாள் இருந்தால் மதியுங்கள். சீனியர்களுக்குப் புத்திசாலி இன்டர்னைவிட, சொன்ன நேரத்துக்கு வந்து சொன்னதைச் செய்து தப்பு நடந்தால் ஒளிக்காமல் சொல்லும் இன்டர்னைத்தான் பிடிக்கும். ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டால், உங்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வி கேட்டு வாங்குங்கள். இந்த வைரஸ் 4 டிகிரியில் எத்தனை நாள் தாங்கும் என்கிற மாதிரி எதுவாகவும் இருக்கலாம். பெரிய திட்டத்தில் பத்தாவது கையாக இருப்பதைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் புதுச் சோதனை எதையும் ஆரம்பிக்காதீர்கள், நடுவில் விட்டுவிட்டுப் போகும்படி ஆகும். அந்த வாரம் ஃபிரீசரில் உங்கள் எழுத்து உள்ள டியூப்களையெல்லாம் வெளியே எடுத்து, உருகாமல் இருக்க டிரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடில்) வைத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சீனியரோடு உட்கார்ந்து பிரியுங்கள். வேண்டாததை முறைப்படி அழித்துவிடுங்கள். வேண்டியதற்கு ஒரு தாள்: ரேக் எண், பெட்டி எண், எத்தனாவது குழி, என்ன வைரஸ், எந்தச் செல்லில் வளர்த்தது, கடைசியாக எண்ணிய அளவு, தேதி. அதன் ஒரு பிரதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, நோட்டை லேபிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அது உங்களுடையது இல்லை.